சர்வர் போர்டுக்கு டெஸ்ட் ரிக்: தொடும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

"சர்வர் மதர்போர்டு தயாரிக்கும் ஆலையில் இரண்டு வருடமாக டெஸ்ட் இன்ஜினியராக இருக்கிறேன். இதுவரை போர்டைப் பெஞ்சில் வைத்து, கையாலேயே கேபிள் மாட்டி, சிபியுவும் மெமரியும் போட்டு, பூட் ஆகிறதா என்று பார்த்து அனுப்பினோம். அடுத்த ஆர்டரில் எண்ணிக்கை பல மடங்கு. சொந்தமாக ஒரு ஃபங்ஷனல் டெஸ்ட் ரிக், அதாவது போர்டை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கும் அமைப்பு, வடிவமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்ன கருவிகள் வாங்குவது, எந்த மென்பொருளில் எழுதுவது, எங்கே தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கருவியையும் மென்பொருளையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்: ரிக் போர்டைத் தொடும் இடம். ஸ்பிரிங் பின்னின் நுனி, கனெக்டர், சிபியு சாக்கெட், போர்டைக் கீழே அழுத்தும் கம்பி. இந்த வேலையில் நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பகுதி அங்கேதான் பிறந்தது. லைனில் ஒரு ரீல் கெபாசிட்டர் கெட்டதாக வந்தால் அந்த ரீல் தீரும்வரைதான் பாதிப்பு. ரிக் கெட்டதாக இருந்தால், ஆலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு போர்டும் அதன் கைபட்டுத்தான் போகிறது. நல்ல போர்டை ஃபெயில் என்று சொன்னாலும் நஷ்டம், கெட்டதைப் பாஸ் என்று சொன்னாலும் நஷ்டம். நல்ல போர்டை வாங்கி, உள்ளே விரிசல் விழவைத்து, பாஸ் என்று அனுப்புவது இரண்டையும்விட மோசம். அது ஆறு மாதம் கழித்து யாருடைய டேட்டா சென்டரிலோதான் தெரியவரும்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு நாள் ரிப்பேர் பெஞ்சில் போய் உட்காருங்கள். கடந்த மூன்று மாதத்தில் என்னென்ன பழுது வந்தது, எத்தனை வந்தது, எந்தக் கட்டத்தில் பிடிபட்டது என்று ஒரு தாளில் எழுதுங்கள். போர்டு உங்கள் ரிக்குக்கு வருவதற்குள் பல கண்கள் அதைப் பார்த்துவிட்டன. சோல்டர் பேஸ்ட் அச்சை அளக்கும் இயந்திரம், கேமராவால் பார்க்கும் ஏஓஐ, சிப்பின் அடியில் மறைந்திருக்கும் பந்து சோல்டருக்கு எக்ஸ்ரே, அப்புறம் ஆணிப்படுக்கை போல ஆயிரக்கணக்கான பின்கள் கொண்ட ஐசிடி. தவறான ரெசிஸ்டர், விட்டுப்போன கெபாசிட்டர், ஒட்டிக்கொண்ட இரண்டு கால்கள் இவையெல்லாம் ஐசிடியின் வேலை. மாட்டிக் கழற்றும் நேரத்தோடு சேர்த்தும் சில நிமிடங்களில் முடித்துவிடும். அதையே ஃபங்ஷனல் ரிக்கில் மறுபடி செய்தால் நேரமும் காசும்தான் வீண். ஐசிடியின் பின் போக முடியாத இடம்தான் உங்கள் ரிக்குக்கு உரியது.

அந்த இடம் வருடத்துக்கு வருடம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. கார்டுகளை சிபியுவோடு இணைக்கும் பாதை பிசிஐஇ. 2019-ல் வந்த அதன் 5.0 பதிப்பில் ஒரு லேன், அதாவது ஒரு தடம், விநாடிக்கு 3,200 கோடி பிட் கடத்துகிறது. அந்தக் கம்பியில் பின் குத்துவதற்காக ஒரு சிறு செம்புப் பேடு வைத்தாலே சிக்னல் கெட்டுவிடும், அதனால் வடிவமைப்பாளர் வைக்க மாட்டார். சிப்புகளுக்குள் அமைந்த ஜேடேக் என்ற சோதனை வாசல் வழியாகப் பார்க்கும் பவுண்டரி ஸ்கேன் ஓரளவு கைகொடுக்கும். 1985-ல் சில கம்பெனிகள் கூடித் தொடங்கியது, 1990-ல் ஐஇஇஇ 1149.1 என்று தரநிலையானது. கெபாசிட்டர் வழியாகப் போகும் வேக இணைப்புகளுக்காக 2003-ல் 1149.6 வந்தது. கம்பி அறுந்திருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா என்று அது நன்றாகச் சொல்லும். முழு வேகத்தில் தாங்குமா என்பதைச் சொல்லாது. அதை உண்மையான வேகத்தில் ஓட்டித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இங்கே நான் பட்ட ஒரு பாடம். ஸ்லாட்டில் கார்டு தெரிகிறதா என்று மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்திருந்தோம். ஒரு லேனில் சோல்டர் சரியாகப் பிடிக்காத போர்டுகள் 16 லேனுக்குப் பதில் 8 லேனில் இணைந்து, கார்டு அழகாகத் தெரிந்து, பாஸ் ஆகிப் போய்க்கொண்டிருந்தன. பிசிஐஇ அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு லேன் போனால் சுருங்கிக்கொண்டு வேலையைத் தொடரும். மெமரியும் அதே கதைதான். இசிசி என்ற பிழைதிருத்த ஏற்பாடு ஒரு பிட் பிழையைத் தானே திருத்திவிட்டு ஒன்றும் நடக்காதது போல ஓடும். இரண்டு பவர் சப்ளையில் ஒன்றின் இணைப்பு கெட்டிருந்தாலும் சர்வர் ஓடும். ஒரு ஃபேன் நின்றால் மற்ற ஃபேன்கள் வேகம் கூட்டிக்கொள்ளும். பழுதை மறைத்துக்கொண்டு ஓடுவதற்காகவே கட்டப்பட்ட இயந்திரம் சர்வர். "பூட் ஆனது" என்பது அதனிடம் கிட்டத்தட்ட எந்தத் தகவலும் இல்லாத பதில். லிங்க்கின் அகலம் என்ன, வேகம் என்ன, பத்து நிமிடம் டேட்டா ஓட்டியபின் திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கை என்ன, ஒரு சப்ளையை மட்டும் வைத்தால் நிற்கிறதா, அப்புறம் மற்றதை மட்டும் வைத்தால் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பிசிஐஇ 4.0 முதல் ஒவ்வொரு லேனும் எவ்வளவு விளிம்பில் நிற்கிறது என்று அளக்கும் வசதி ரிசீவருக்குள்ளேயே கட்டாயமாக இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் ஆலைகள் குறைவு. நீங்கள் பயன்படுத்துங்கள்.

இப்போது தொடும் இடத்துக்கு வருவோம்.

ஒரு ஸ்பிரிங் பின் வேலைசெய்யும் ஆழத்தில் சுமார் 200 கிராம் விசையோடு தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரிக்கில் 300 பின் என்றால் 60 கிலோ. 3,000 பின் உள்ள ஐசிடி என்றால் 600 கிலோ. இத்தனையும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு தகட்டைக் கீழிருந்து மேலே தள்ளுகின்றன. மேலிருந்து அழுத்தும் கம்பிகள் பின்கள் கூட்டமாக இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே இல்லாவிட்டால் போர்டு வளையும். வளைந்தால் முதலில் பாதிக்கப்படுவது அடியில் சோல்டர் பந்துகளால் ஒட்டியிருக்கும் பெரிய பிஜிஏ சிப்பின் மூலைப் பந்துகள், அடுத்து செராமிக் கெபாசிட்டர்கள். கெபாசிட்டருக்குள் விழும் விரிசல் அன்றைக்கு எதையும் காட்டாது. ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்து, பிறகொரு நாள் ஷார்ட் ஆகும்.

எனவே ஃபிக்ஸ்சர் செய்பவரிடமிருந்து வந்ததும் உற்பத்தி போர்டை அதில் வைக்காதீர்கள். ஒரு கழிவு போர்டில் பிஜிஏ மூலைகள், சாக்கெட்டின் ஓரம், பெரிய கெபாசிட்டர்களின் அருகில் நீட்சியை அளக்கும் ஸ்டிரெய்ன் கேஜ் ஒட்டி அளந்து பாருங்கள். எப்படி ஒட்டுவது, எப்படி அளப்பது என்பதற்கு ஐபிசி/ஜேடெக் 9704 என்ற வழிகாட்டி இருக்கிறது. 500 மைக்ரோஸ்டிரெய்ன் என்பது ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் நீட்சி; பல ஆலைகள் அதைத் தொடக்க வரம்பாக வைத்துக்கொள்கின்றன. சிப் தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுதான் செல்லும். ரிக் மூடியிருக்கும்போது மட்டும் அளந்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நாங்கள் ஒரு ஃபிக்ஸ்சரில் அப்படித்தான் செய்து திருப்திப்பட்டிருந்தோம். தொடர்ச்சியாகப் பதிவு செய்து பார்த்தபோது உச்சம் வந்தது திறக்கும் கணத்தில். ஒரு மூலை கைடு பின்னில் மாட்டிக்கொள்ள, மற்ற மூன்று மூலைகளும் ஸ்பிரிங் விசையில் குதித்தன. கைடு பின்னை மெருகேற்றி, காற்று சிலிண்டரில் வேகம் குறைக்கும் வால்வு போட்டதும் அடங்கியது. செலவு மிகக் குறைவு. அதைக் கண்டுபிடிக்காமல் போயிருந்தால் எத்தனை போர்டு போயிருக்கும் என்று நினைத்தாலே இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

போர்டை நிலைநிறுத்த இரண்டு பின் போதும். ஒன்று முழு வட்டம், மற்றொன்று இரு பக்கமும் சீவிய வைர வடிவம். இரண்டும் வட்டமாக இருந்தால், துளைகளுக்கு இடையிலான தூரம் சற்றே மாறிய போர்டு உள்ளே இறங்காமல் இறுகும், ஆபரேட்டர் அழுத்துவார். துளைகள் செம்பு பூசாதவையாக இருக்கட்டும், பூச்சின் தடிமன் போர்டுக்குப் போர்டு மாறும். மூடி, தாங்கி எதிலும் சாதாரண அக்ரிலிக் வேண்டாம். பார்க்க அழகாக, மலிவாக இருக்கும், ஆனால் துணியால் ஒருமுறை துடைத்தாலே ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும். நிலைமின்னைக் கசியவிடும் வகை தகடே வாங்குங்கள்.

பின்னின் நுனி பற்றி ஒரு வார்த்தை. தட்டையான தங்கப் பேடுக்குக் கிரீடம் போன்ற நுனி, சோல்டர் மேடுக்கு ஈட்டி போன்ற கூர்நுனி. ஃப்ளக்ஸ் எச்சம் படியப் படிய தொடர்பின் தடை ஏறும். அது சட்டென்று ஃபெயில் ஆகாது, 3.3 வோல்ட் என்று காட்ட வேண்டிய இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் காட்டும். மென்மையான பிரஷ்ஷும் உறிஞ்சும் குழாயும் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். காற்றடித்தால் தூசி பின்னின் குழலுக்குள் போய் ஸ்பிரிங்கைப் பிடிக்கும்.

கனெக்டர்களுக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு என்பதைப் பெஞ்சில் வேலைசெய்தவர்கள் அவ்வளவாக யோசிப்பதில்லை. யுஎஸ்பி-ஏ 1,500 முறை, நெட்வொர்க் கேபிளின் ஆர்ஜே45 சுமார் 750 முறை தாங்கும். பிசிஐஇ ஸ்லாட் 50 முறைதான். மெமரி மாட்யூல் மாட்டும் டிம் ஸ்லாட் 25 முறை. சிபியு சாக்கெட் 30 முறை போல. போர்டின் பக்கம் பார்த்தால், டெஸ்ட்டில் ஒருமுறை, ரீடெஸ்ட்டில் ஒருமுறை, ரிப்பேரில் இரண்டு முறை, அசெம்பிளியில் ஒருமுறை என்று வாடிக்கையாளரின் ஆயுளில் கை வைத்துக்கொண்டே போகிறோம். ரிக்கின் பக்கம் இன்னும் கடுமை. அதே மெமரி மாட்யூலை ஒரு ஷிஃப்டில் 30 போர்டில் போட்டுக் கழற்றினால் அதன் தங்கப் பூச்சு எத்தனை நாள் நிற்கும்? தேய்ந்த மாட்யூல் நல்ல ஸ்லாட்டை ஃபெயில் ஆக்கும். அந்தத் துகள் ஸ்லாட்டில் தங்கும்.

இதற்கு மூன்று ஏற்பாடு செய்வோம். ரிக்கோடு வரும் ஒவ்வொரு மாட்யூல், கார்டு, சிபியுவுக்கும் ஒரு சீரியல் எண் வைத்து, எத்தனை முறை மாட்டினோம் என்று ரிக் தானாகவே எண்ண வேண்டும்; வரம்பு தொட்டதும் ஓட மறுக்க வேண்டும், எச்சரிக்கை மட்டும் போதாது. வேகம் குறைந்த இணைப்புகளில் இடையே ஒரு மலிவான அடாப்டர் வைத்து அதைத் தேயவிட்டு மாற்றலாம். டிடிஆர்5 மெமரி, பிசிஐஇ 5.0 போன்றவற்றில் அந்த அடாப்டரே சிக்னலைத் தின்றுவிடும், அங்கே நேரடியாகத்தான் மாட்ட வேண்டும், மாட்யூலைச் செலவுப் பொருளாகவே கணக்கில் எழுதுங்கள். முதல் வருட பட்ஜெட்டில் இதை விட்டுவிட்டு, பாதியில் பணம் கேட்டு நிற்பதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன்.

சிபியு சாக்கெட் தனி விஷயம். இன்டெலின் எல்ஜிஏ 4677-ல் பெயரில் இருப்பதுபோலவே 4,677 பின்கள், ஏஎம்டியின் எஸ்பி5-ல் 6,096. தலைமுடி போன்ற ஸ்பிரிங் கம்பிகள் அவை. ஆபரேட்டர் கையால் சிபியுவை ஒரு கோணத்தில் இறக்கினால் ஒரு வரிசையே சாயும். எங்கள் ரிப்பேர் பெஞ்சில் ஒருகாலத்தில் வந்த சாக்கெட் பழுதுகளில் பாதிக்கு மேல் எங்கள் டெஸ்ட்டே உண்டாக்கியவை. அதன்பின் சிபியுவை ரிக்கின் மேல்தலையில் நிரந்தரமாகப் பிடித்துவைத்து, நேர்த்தண்டுகளின் வழியே செங்குத்தாக மட்டும் இறங்கும்படி செய்தோம். இறங்குவதற்கு முன் ஒரு கேமரா சாக்கெட்டைப் படம்பிடித்து, சாய்ந்த பின்னோ துகளோ இருந்தால் நிறுத்திவிடும். இந்தக் கேமரா இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு சாக்கெட்டிலிருந்த துகள் சிபியுவின் அடியில் ஒட்டிக்கொண்டு, அடுத்தடுத்த போர்டுகளில் ஒரே மெமரி சேனலை ஃபெயில் ஆக்கும். எல்லோரும் போர்டைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். சூடு கடத்த பேஸ்ட் போட முடியாது, ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டிவரும். தலைக்குள் தண்ணீர் ஓடும் குளிர்தகடும், சிபியுவுக்கும் தகடுக்கும் நடுவே கிராஃபைட் தாளும் நன்றாக வேலைசெய்கின்றன.

மின்சாரம் கொடுக்கும் வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் மின்சாரமே இல்லாமல் ஒவ்வொரு ரெயிலுக்கும் (ஒரு குறிப்பிட்ட வோல்ட்டைக் கொண்டுசெல்லும் பாதை) கிரவுண்டுக்கும் இடையே தடை அளந்து, நல்ல போர்டுகளின் எண்ணோடு ஒப்பிடுங்கள். சிபியுவின் கோர் ரெயில் இயல்பாகவே மிகக் குறைந்த தடை காட்டும், அதை ஷார்ட் என்று எண்ணிவிடக் கூடாது. அடுத்து ஸ்டாண்ட்பை 12 வோல்ட்டை மட்டும், மின்னோட்ட வரம்போடு. போர்டைக் கண்காணிக்கும் பிஎம்சி சிப், பெரும்பாலும் ஆஸ்பீட் ஏஎஸ்டி2600 போன்ற ஒன்று, தன் லினக்ஸை எழுப்பிக்கொள்ளும். அது எழுந்தபின்தான் முக்கிய மின்சாரம். அப்புறம் பிஎம்சி தன் சென்சார்களைப் படித்துச் சொல்லும் எண்களை அப்படியே நம்பாதீர்கள். போர்டு தன்னைப் பற்றித் தானே சொல்லும் சாட்சி அது. முக்கிய ரெயில்களை வெளியிலிருந்து ஒரு மீட்டரால் அளந்து ஒப்பிட வேண்டும். நான்கு கம்பி முறையில், அதாவது மின்னோட்டத்துக்கு ஒரு ஜோடி, வோல்ட் அளக்கத் தனி ஜோடி என்று, அளந்து பாருங்கள். 200 ஆம்பியர் ஓடும் பாதையில் ஒரு மில்லி ஓம் குறுக்கே வந்தாலே 0.2 வோல்ட் விழும். ஒரு வோல்ட் ரெயிலில் அது ஐந்தில் ஒரு பங்கு.

எத்தனை ரிக் வேண்டும் என்ற கணக்கை நிர்வாகம் முதல் நாளே கேட்கும். கையில் ஒரு உண்மையான அளவு இருந்தால் எளிது. 2024-ல் லெனோவா தன் புதுச்சேரி ஆலையில் ஆண்டுக்கு 50,000 ஏஐ சர்வர் தயாரிக்கப்போவதாக அறிவித்தது. அந்த எண்ணை மட்டும் கடன் வாங்கிக்கொள்வோம். 300 வேலைநாள் என்றால் நாளைக்கு 167. ஒரு சர்வருக்கு ஒரு போர்டு, இரண்டு ஷிஃப்ட் சேர்த்து 16 மணி நேரம் என்றால் 345 விநாடிக்கு ஒரு போர்டு வெளிவர வேண்டும். மாட்டிக் கழற்றுவது உட்பட உங்கள் டெஸ்ட் 20 நிமிடம் என்றால் 1,200-ஐ 345-ஆல் வகுக்க 3.5. ரிக் சுத்தம், பழுது, ரீடெஸ்ட் எல்லாம் போக 85 சதவீத நேரம்தான் கிடைக்கும், ஆக 4.1. நான்கு போதாது, ஐந்து வாங்க வேண்டும். டெஸ்ட்டில் மூன்று நிமிடம் குறைத்தால் அந்த ஐந்தாவது ரிக் தேவையே இல்லை. நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள்: பிஎம்சி எழும் ஒன்றரை நிமிடம், டிடிஆர்5 மெமரி முதல்முறை தன்னைச் சரிசெய்துகொள்ளும் பல நிமிடங்கள். அந்த நேரத்தில் ரிக் சும்மா காத்திருக்க வேண்டியதில்லை. பிஎம்சி வழியே ஃபேன், சென்சார், எஃப்ஆர்யு (போர்டின் அடையாள விவரம்) எழுதுவது, எல்இடி எல்லாவற்றையும் அந்த இடைவெளியில் முடித்துவிடலாம். மெமரி மாட்யூல்களைக் குறைத்து நேரம் மிச்சம் பிடிக்கலாமே என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். மாட்யூல் போடாத சேனல் டெஸ்ட் செய்யாத சேனல்.

அடுத்து நான் அதிகம் கவலைப்படும் இடம், பாஸ் ஃபெயில் வரம்புகள். 30 நல்ல போர்டை அளந்து, சராசரியிலிருந்து மூன்று சிக்மா (அளவுகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) தள்ளி இரு பக்கமும் கோடு போடுவது பலரின் வழக்கம். ஒரு அளவுக்கு அது நியாயமாகத் தெரியும். ஆயிரத்தில் மூன்றுக்கும் குறைவாகத்தான் தவறுதலாக வெளியே விழும். ஆனால் உங்கள் ரிக் 200 அளவு எடுக்கும். அவை ஒன்றையொன்று சாராதவை என்றால், 200-ம் உள்ளே விழும் வாய்ப்பு சுமார் 58 சதவீதம்தான். நூறு நல்ல போர்டில் 42 ஃபெயில் ஆகும்! லைன் நின்றுவிடும், மேலாளர் கத்துவார், யாரோ ஒருவர் எல்லா வரம்பையும் கண்ணை மூடிக்கொண்டு அகலப்படுத்துவார், அன்றோடு ரிக் தன் பார்வையை இழக்கும். வரம்பு வடிவமைப்பிலிருந்து வர வேண்டும்: அந்தச் சிப் எந்த வோல்ட்டேஜ்வரை வேலைசெய்யும் என்று அதன் தாள் சொல்கிறதோ அதிலிருந்து, ரிக்கின் அளவுப் பிழையைக் கழித்துக்கொண்டு. புள்ளிவிவரத்தை விலகலைக் கவனிக்கப் பயன்படுத்துங்கள்.

ரிக்கின் அளவுப் பிழை எவ்வளவு என்று தெரிய கேஜ் ஆர்-அண்ட்-ஆர் என்ற மறு அளவுச் சோதனை செய்தாக வேண்டும். 10 போர்டு, 3 ஆபரேட்டர், தலா 3 முறை. ஒவ்வொரு முறையும் முழுதாகக் கழற்றி மாட்டி அளக்க வேண்டும். மாட்டியபடியே மூன்று முறை ஓட்டினால் மீட்டரைத்தான் சோதிக்கிறீர்கள், தொடும் இடத்தை விட்டுவிடுகிறீர்கள். பிழையின் பங்கு 10 சதவீதத்துக்குள் என்றால் நல்லது, 30-க்கு மேல் என்றால் ரிக்கைத் திரும்ப அனுப்புங்கள்.

எல்லோரும் ஒரு "கோல்டன் போர்டு" வைத்திருப்பார்கள். தினமும் காலையில் அதைப் போட்டுப் பாஸ் ஆனால் ரிக் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொள்வார்கள். எதைப் போட்டாலும் பாஸ் சொல்லும் ரிக்கும் அந்தச் சோதனையில் தேறிவிடும். கெட்ட போர்டுகளையும் வேண்டுமென்றே செய்துவையுங்கள்: ஒரு லேனில் கெபாசிட்டரை எடுத்தது, ஒரு ரெயிலின் ரெசிஸ்டரைக் கொஞ்சம் தவறாகப் போட்டது, ஒரு ஃபேனின் வேகக் கம்பியை அறுத்தது. ஷிஃப்ட் தொடங்கும்போது ஒன்றை உள்ளே விடுங்கள். அது ஃபெயில் ஆனால் மட்டும் போதாது, சரியான டெஸ்ட்டில், சரியான காரணம் சொல்லி ஃபெயில் ஆக வேண்டும்.

ரீடெஸ்ட் விதியை ரிக் ஓடத் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். விட்டுவிட்டு வரும் ஒரு பழுது பாதி நேரம் ஃபெயில், பாதி நேரம் பாஸ் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை முயலலாம் என்று அனுமதித்தால் அது தப்பிக்கும் வாய்ப்பு 87.5 சதவீதம். டெஸ்ட் இருந்தும் இல்லாததுபோலத்தான். நாங்கள் வைத்திருக்கும் விதி: ஒரே ஒரு ரீடெஸ்ட், அதுவும் வேறு ரிக்கில். அங்கே பாஸ் ஆனால் போர்டு போகலாம், ஆனால் முதல் ரிக்கின் கணக்கில் ஒரு சந்தேகப் புள்ளி ஏறும். புள்ளிகள் சேர்ந்தால் ரிக்கை நிறுத்திப் பின்களைப் பார்ப்போம். அளவுகளை எண்ணாகவே சேமித்து, எந்த ரிக், பின்கள் பதித்த எந்தத் தட்டு, எத்தனையாவது அழுத்தம் என்று கூடவே எழுதிவைத்தால்தான் இது நடக்கும். பாஸ், ஃபெயில் என்ற ஒற்றைச் சொல்லைச் சேமித்த ஆலையில் பழுதின் தடத்தைப் பின்தொடரவே முடியாது.

மென்பொருள் கேட்டிருந்தீர்கள். பைதானில் எழுத வசதி என்றால் கூகுளிலிருந்து வந்த ஓப்பன்ஹெச்டிஎஃப், கீசைட்டிலிருந்து வந்த ஓப்பன்டேப், பழகிய ஆள் இருந்தால் என்ஐயின் டெஸ்ட்ஸ்டாண்ட், எதுவும் சரி. வரம்புகள் நிரலுக்குள் இருக்கக் கூடாது, தனிக் கோப்பில் பதிப்பு எண்ணோடு இருக்க வேண்டும், எல்லா ரிக்கும் ஒரே பதிப்பையே ஓட்ட வேண்டும். அவ்வளவுதான்.

போர்டைத் தாண்டி முழு சர்வர், முழு ரேக் என்று போகும்போது ரிக்கின் இயல்பே மாறிவிடும். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். சிபியு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போர்டை மட்டும் சந்தேகிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. 2021-ல் மெட்டா வெளியிட்ட ஆய்வில் ஒரு சிபியு, 1.1-ஐ 53 அடுக்குக்கு உயர்த்தி முழு எண்ணாக்கச் சொன்னால் 156-க்குப் பதில் 0 என்று சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதே சிபியு 52 அடுக்குக்குச் சரியான விடை சொன்னது. எந்தப் பிழைக் கணக்கிலும் அது ஏறவில்லை. எனவே நீண்ட நேரம் ஓட்டிப் பார்க்கும் ரன்-இன் சோதனையில் சூடேற்றுவதற்காக மட்டும் சிபியுவை ஓட்டாமல், விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்து ஒவ்வொரு கோரின் விடையையும் ஒப்பிடுங்கள். ரன்-இன் நேரம் முழுவதையும் ஒரே ஓட்டமாக ஓட்டவும் வேண்டாம். நடுநடுவே முழுதாக அணைத்து ஏற்றுங்கள். மெமரி விளிம்பில் நிற்கும் போர்டுகள் நீண்ட ஓட்டத்தைவிட மறுதொடக்கத்தில்தான் தங்களைக் காட்டிக்கொடுக்கின்றன.

இன்னொன்று, தண்ணீர். 72 ஜிபியு கொண்ட என்விடியாவின் ஜிபி200 ரேக் சுமார் 120 கிலோவாட் எடுக்கும், காற்றால் குளிர்விக்கவே முடியாது, டெஸ்ட் தளத்திலும் குளிர்நீர் வந்தாக வேண்டும். திரவம் ஊற்றும் முன் உலர்ந்த நைட்ரஜனால் அழுத்தி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது வழக்கம். அங்கே வெப்பநிலையை மறந்துவிடாதீர்கள். 300 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் அடைத்த வாயு ஒரு டிகிரி குளிர்ந்தாலே சுமார் 1 கிலோபாஸ்கல் இறங்கும். ஏசி அடிக்கும் மூலையில் வைத்த நல்ல ரேக் கசிவதாகத் தெரியும். மதியம் சூடேறும் கூடத்தில் கசியும் ரேக்கே நல்லதாகத் தெரியலாம். வாயுவின் வெப்பநிலையையும் கூடவே பதிவு செய்து கழித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு அவசர வேலை. உங்கள் புதிய போர்டின் லேஅவுட் இன்னும் முடியவில்லை என்றால், ரிக்கின் படம் வரைவதை நிறுத்திவிட்டு இந்த வாரமே வடிவமைப்புக் குழுவிடம் போங்கள். போர்டின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு ரெயிலுக்கும் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள டெஸ்ட் பாயிண்ட், கூடவே அளப்பதற்குத் தனியாக ஒரு ஜோடி, செம்பு பூசாத இரண்டு நிலைத்துளைகள், பிஜிஏ மூலைகளைச் சுற்றி அழுத்துகம்பி வைக்க வெற்றிடம், ஜேடேக் சங்கிலிக்கு ஒரு சிறு கனெக்டர், போர்டு சொல்லும் செய்திகளைப் படிக்க யுஏஆர்டி கன்சோல் கம்பி இரண்டு. இவற்றை எழுத்தில் கொடுத்து, எது முடியும் எது முடியாது என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள். லேஅவுட் முடிந்த மறுநாள் கேட்டால் இடமில்லை என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும்.